‘நல்ல’ என்றால் எதில்? அந்தமான் சொற்களைப் பிரித்து எழுதிய இ.ஹெச்.மேன்

உங்க டீமில் ‘அக்கவுன்ட்’ என்றால் பில்லிங் ஆட்களுக்கு ஒரு அர்த்தம், லாகின் பகுதியை எழுதுபவருக்கு வேறொரு அர்த்தம். கோடிலும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். 19-ம் நூற்றாண்டில் இதே மாதிரியான சிக்கலை அந்தமானில் சந்தித்தவர் எட்வர்ட் ஹொராஸ் மேன்.

1846-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். 1858-ல் போர்ட் பிளேரில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய ஹென்றி மேன்தான் இவருடைய அப்பா. மகன் 1869-ல் தீவுக்கு வந்து, 1901 வரை அந்தமானிலும் நிகோபாரிலும் அதிகாரியாக வேலை பார்த்தார்.

அதற்கு முன்பு கதையே வேறு. கோல்புரூக் என்ற சர்வேயர் 1795-ல் வெளியான கட்டுரையில் தீவுவாசிகளை ‘மின்கோபி’ என்று குறிப்பிட்டார். ஐரோப்பிய நூல்கள் பல பத்தாண்டுகள் அதையே திரும்ப எழுதின. மேன் விசாரித்தபோது, அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ‘ஜாரவா’ என்ற பெயரும் அப்படித்தான்: அது அகா-பேயா மொழியில் அந்நியரைக் குறிக்கும் சொல். அந்த மக்கள் தங்களை ‘ஆங்’ என்றே சொல்கிறார்கள்.

மேன் அகா-பேயாவைக் கற்று, சொல் சொல்லாகக் குறித்தார். அதில் ‘பேரிங்க’ என்றால் நல்ல. ஆனால் எதில் நல்ல என்பதை, உடல் உறுப்போடு தொடர்புள்ள முன்னொட்டு சொல்லும். கையின் ‘உன்’ சேர்ந்தால் கெட்டிக்காரர். கண்ணின் ‘இக்’ சேர்ந்தால் கூர்மையான பார்வை உள்ளவர். நாக்கின் ‘அகா’ சேர்ந்தால் மொழித்திறன் உள்ளவர். தலை, இதயத்தின் ‘ஓட்’ சேர்ந்தால் நற்குணம் உள்ளவர். இந்த நாலையும் ஒரே ‘நல்ல’வில் அடக்கியிருந்தால் அந்த மொழியின் வடிவமே தெரியாமல் போயிருக்கும். ஒரு சொல் எந்தச் சூழலில் என்ன பொருள் தருகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள் என்று எரிக் எவன்ஸ் 2003-ல் மென்பொருள் வடிவமைப்பாளர்களுக்குச் சொன்னதும் இதைத்தான்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேன் பொறுப்பில் இருந்த ‘அந்தமான் இல்லங்கள்’ காலத்தில்தான், 1877-ல், தட்டம்மை பரவிப் பலர் இறந்தார்கள். 1858-ல் சுமார் 5,000 பேர் என மதிப்பிடப்பட்ட கிரேட் அந்தமானியர்கள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். அவர் பணியாற்றிய ஆட்சிதான் அவருக்குச் சொல் கொடுத்தவர்களின் அழிவுக்கும் காரணம்.

மேனின் நிகோபாரிய அகராதி 1889-லும், தெற்கு அந்தமான் அகராதி 1923-லும் நூலாக வந்தன. 1929-ல் அவர் இறந்தார். இன்று அகா-பேயா பேச யாரும் இல்லை. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆளில்லை. உங்க டீமில் அந்தச் சொல்லைத் தினமும் பயன்படுத்துபவர் இன்னும் பக்கத்து சீட்டில்தானே இருக்கிறார்? பெயர் வைப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.