கூடைப்பந்து வீரர் மோரீஸ் ஸ்டோக்ஸ்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ராங்கின் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1933-ல் அங்கேதான் மோரீஸ் ஸ்டோக்ஸ் பிறந்தார். அவரோட அப்பா இரும்பு ஆலையில் வேலை செய்தார். உயர்நிலைப் பள்ளியில் முதல் இரண்டு வருஷம், ஆட்டம் தொடங்கும்போது மோரீஸ் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

1951-ல் லொரெட்டோ என்ற ஊரில் இருந்த செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார். அது ரொம்பச் சின்னக் கல்லூரி. மோரீஸின் உயரம் 6 அடி 7 அங்குலம். அவ்வளவு உயரமானவங்க அந்தக் காலத்தில் கூடைக்குப் பக்கத்திலேயே நிற்பாங்க. மோரீஸ் அப்படி நிற்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவார், நல்லா பாஸ் கொடுப்பார். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை எம்பிப் பிடிப்பதற்கு ரீபவுண்ட் என்று பெயர். அதில் அவர் கில்லாடி!

1955-ல் நியூயார்க்கில் கல்லூரி அணிகளுக்கு ஒரு பெரிய போட்டி நடந்தது. செயின்ட் பிரான்சிஸ் அணிக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது. ஆனாலும் போட்டியின் சிறந்த வீரர் பரிசை மோரீஸுக்கே கொடுத்தார்கள். நாலாவதாக வந்த அணியில் இருந்து ஒருவருக்கு அந்தப் பரிசு என்றால், அவர் எப்படி ஆடியிருப்பார்! மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் அவர்களை ஜெயித்தது சின்சினாட்டி பல்கலைக்கழக அணி. அதில் ஜாக் ட்வைமன் என்று ஒருவர் ஆடினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் இரண்டு பேரும் ராச்செஸ்டர் ராயல்ஸ் என்ற என்.பி.ஏ. அணியில் சேர்ந்தார்கள். சிறந்த புதுமுக வீரர் பரிசு மோரீஸுக்குக் கிடைத்தது. அடுத்த சீசனில் அவர் எடுத்த ரீபவுண்ட் 1,256. அதுவரை யாரும் ஒரே சீசனில் அத்தனை எடுத்ததில்லை. 1957-ல் அணி சின்சினாட்டி நகரத்துக்கு மாறியது.

1958 மார்ச் 12. மினியாபொலிஸ் நகரத்தில் நடந்த ஆட்டத்தில் மோரீஸ் கீழே விழுந்தார். தலை தரையில் மோதியது. மயக்கம் போட்டுவிட்டார். மயக்கம் தெளிந்ததும் மறுபடி ஆட வந்துவிட்டார்! இன்றைக்கு என்றால் டாக்டர் பார்க்காமல் விடவே மாட்டாங்க. மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் இன்னொரு ஆட்டம். அது முடிந்து திரும்பும்போது, விமானத்திலேயே உடம்பு மோசமானது. மூளை பாதிக்கப்பட்டு, கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. ஆனால் மற்றவங்க பேசுவது எல்லாம் அவருக்குப் புரிந்தது.

ஆட்டம் நின்றதும் சம்பளமும் நின்றது. ஆஸ்பத்திரிச் செலவோ மிக அதிகம். பேங்கில் இருந்த சொந்தப் பணத்தை எடுக்கலாம் என்றால், கையெழுத்துப் போட முடியாதே! மோரீஸின் குடும்பம் பிட்ஸ்பர்க்கில் இருந்தது. சின்சினாட்டியில் இருந்த ஜாக் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டப்படி மோரீஸின் பாதுகாவலர் ஆனார். அப்போது ஜாக்குக்கு 23 வயசுதான். அவர் வெள்ளைக்காரர், மோரீஸ் கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பல ஊர்களில் அவங்க இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில் தங்கக்கூட முடியாது.

வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு கிடைக்கும் இல்லையா? கூடைப்பந்து ஆடுவதும் வேலைதான் என்று ஜாக் வாதாடி, அந்தப் பணத்தை வாங்கித் தந்தார். அதுவும் போதவில்லை. அதனால் வருஷாவருஷம் கோடைக்காலத்தில் ஒரு ஆட்டம் நடத்தி மோரீஸுக்காகப் பணம் சேர்த்தார். வில்ட் சேம்பர்லின் மாதிரி பெரிய வீரர்கள் எல்லாம் வந்து ஆடினார்கள்.

பேச முடியாத மோரீஸோடு ஜாக் எப்படிப் பேசினார் தெரியுமா? எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சரியான எழுத்து வரும்போது மோரீஸ் கண்ணைச் சிமிட்டுவார். இப்படி உங்க பேரை நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். (ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், தமிழில் 247! பொறுமை வேண்டும்.)

மோரீஸ் வருஷக்கணக்கில் தினமும் பயிற்சி செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டு, ஜாக்குக்கு நன்றி சொல்லி எழுதினார்.

1970 ஏப்ரல் 6-ல், 36 வயதில், மாரடைப்பால் மோரீஸ் இறந்தார். அவர் விரும்பியபடியே செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். 2004-ல் கூடைப்பந்தின் மிகச் சிறந்த வீரர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவருக்குப் பதிலாக மேடையேறி அந்த மரியாதையை வாங்கிக்கொண்டவர், அப்போது 70 வயதாகியிருந்த ஜாக்.