எஞ்சியிருந்த வாத்தியம்: செர்கே குசெவிட்ஸ்கியின் வாழ்க்கை

மேற்கத்திய இசைக்குழுவின் பின்வரிசையில் ஆளைவிட உயரமாக நிற்கும் வயலின் போன்ற வாத்தியத்தைப் பலரும் படங்களில் பார்த்திருப்போம். அதன் பெயர் டபுள் பேஸ். ஏறத்தாழ ஆறு அடி உயரமானது. நின்றபடியோ உயரமான இருக்கையில் சாய்ந்தபடியோ வாசிப்பார்கள். திரைப்பாடல்களிலும் தேவாலய இசையிலும் அடியில் உருளும் கனத்த ஒலியை நாம் கேட்கிறோம். ஆனால் அதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. மற்ற வாத்தியங்களைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

இந்த வாத்தியத்தைத் தனியாக வாசித்துப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வயலினுக்கும் பியானோவுக்கும் உள்ளதுபோலப் பெரும் இசையமைப்பாளர்கள் எழுதிய தனி உருப்படிகள் இதற்கு அதிகம் இல்லை. இருக்கும் சிலவற்றிலிருந்துதான் தெரிவு செய்ய வேண்டும். உயர்தரத்துக்கான அந்தச் சிறிய பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் செர்கே குசெவிட்ஸ்கி. தனக்கு வாசிக்க உருப்படி இல்லாததால் தானே எழுதிக்கொண்டவர் அவர். அவரது வாழ்க்கை, பிறந்த மண்ணில் வாழ அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு சிறுபான்மையினரின் வாழ்க்கையும்கூட.

குசெவிட்ஸ்கி 1874 ஜூலையில் ரஷ்யாவின் த்வேர் மாகாணத்தில் வீஷ்னி வொலச்யோக் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். ஏழை யூதக் குடும்பம். தந்தை விழாக்களில் வாசித்துப் பிழைத்த இசைக்கலைஞர். தாயார் மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். சிறுவன் வீட்டிலேயே பல வாத்தியங்களைக் கற்றுக்கொண்டான்.

14 வயதில் மொஸ்கோவுக்குப் போனார். அக்கால ரஷ்யாவில் யூதர்கள் எங்கே வசிக்கலாம், எங்கே வசிக்கக்கூடாது என்பதை அரசே தீர்மானித்தது. விசேட அனுமதி இல்லாத யூதர் மொஸ்கோவில் தங்க முடியாது. அவர் வந்த சில ஆண்டுகளிலேயே, 1891இல், ஆயிரக்கணக்கான யூதர்கள் அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வவுனியாவில் பாஸுக்காக வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குசெவிட்ஸ்கி ஞானஸ்நானம் பெற்று மதம் மாறினார். நகரில் தங்கிப் படிக்க அவருக்குக் கிடைத்த வழி அதுதான்.

மொஸ்கோ பில்ஹார்மொனிக் சங்கத்தின் இசைப்பள்ளியில் சேர்ந்தபோது கட்டணம் செலுத்தப் பணமில்லை. மாணவர்கள் விரும்பிச் சேராத சில வாத்தியங்களுக்குத்தான் உதவித்தொகை மிஞ்சியிருந்தது. அவற்றில் ஒன்று டபுள் பேஸ். அதை எடுத்துக்கொண்டார். ஜோசப் ரம்பூசெக் என்ற செக் நாட்டவர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 1894இல், 20 வயதில், போல்ஷோய் அரங்கின் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. 1901இல் தன் ஆசிரியரின் இடத்துக்கே தலைமை வாசிப்பாளராக உயர்ந்தார்.

அதே ஆண்டு மொஸ்கோவிலும், 1903இல் பேர்லினிலும் தனிக் கச்சேரி செய்தார். தனியாக மேடையேறியபோதுதான் உருப்படிப் பஞ்சம் அவரை நேரடியாகத் தாக்கியது. அவருக்கு முன்னர் இத்தாலியரான ஜொவானி பொட்டெசினி (1821–1889) இந்த வாத்தியத்துக்காக நிறைய எழுதியிருந்தார். அதற்கு வெளியே சொல்லும்படி அதிகமில்லை. வேறு வாத்தியங்களுக்கு எழுதப்பட்டவற்றை மாற்றி வாசித்தார். பிறகு தானே எழுதத் தொடங்கினார். சான்சோன் திரிஸ்ட், வால்ஸ் மினியேச்சர், ஹியூமரெஸ்க் ஆகிய சிறிய உருப்படிகள் அப்படிப் பிறந்தவை. 1902இல் எழுதத் தொடங்கிய கொன்செர்டோவை 1905இல் மொஸ்கோவில் முதன்முதலாக வாசித்தார். அதை எழுத இசையமைப்பாளர் ரைன்ஹோல்ட் கிளியேர் உதவினார். அந்த உதவி எவ்வளவு என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

1905இல் போல்ஷோயிலிருந்து விலகினார். இசைக்குழுக் கலைஞர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பத்திரிகையில் பகிரங்கமாகக் கண்டித்துவிட்டே போனார். அதே ஆண்டு தேயிலை வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த உஷ்கோவ் குடும்பத்தின் மகள் நத்தாலியை மணந்தார். அது அவருக்கு இரண்டாவது திருமணம். அதன்பின் வறுமை அவரைத் தொடவில்லை. அவரது சாதனைகளைப் பேசும்போது இந்தச் செல்வத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1908இல் பேர்லினில் இசைக்குழு நடத்துநராக அறிமுகமானதும், 1909இல் இசைப் பதிப்பகம் தொடங்கியதும், சொந்த இசைக்குழு அமைத்ததும் அந்தப் பணத்தால்தான்.

ஆனால் அந்தப் பணத்தை அவர் செலவழித்த விதம் கவனிக்கத்தக்கது. ஸ்ட்ராவின்ஸ்கி, ஸ்க்ரியாபின் போன்றோரின் படைப்புகளை அவரது பதிப்பகம் வெளியிட்டது. இசையமைப்பாளர்களுக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1910, 1912, 1914 ஆகிய ஆண்டுகளில் இசைக்குழுவையே நீராவிப் படகில் ஏற்றி வொல்கா நதிக்கரை ஊர்களுக்குக் கொண்டுபோனார். தலைநகரத்துக்கு வரமுடியாத மக்களிடம் இசை போய்ச் சேர்ந்தது.

1914இல் முதலாம் உலகப் போர் வந்தது. 1917இல் புரட்சியும் அதன்பின் உள்நாட்டுப் போரும் வந்தன. பெத்ரோகிராட்டில் அரச இசைக்குழுவின் பொறுப்பை ஏற்று, பசியும் குளிரும் நிறைந்த அந்த ஆண்டுகளில் கச்சேரிகளை நடத்தினார். 1920இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அப்போது வயது 45. சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பாரிஸில் மீண்டும் தொடங்கினார். நம்மவர்கள் பலரைப்போல வெறுங்கையோடு அங்கே இறங்கியவர் அல்லர் அவர். பெயரும் தொடர்புகளும் கூட இருந்தன. ஆனாலும் பிறந்த நாட்டில் குடியிருக்க அவர் திரும்பிப் போகவே இல்லை.

1924இல் அமெரிக்காவின் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழு அவரை அழைத்தது. 1949 வரை, 25 ஆண்டுகள், அதை நடத்தினார். உலகம் இன்று அவரை நினைப்பது பெரும்பாலும் இந்த நடத்துநராகத்தான்.

நடத்துநராகப் புகழ்பெற்ற பிறகும் டபுள் பேஸை அவர் முற்றாக விட்டுவிடவில்லை. 1928–29 காலத்தில், 50 வயதைத் தாண்டிய நிலையில், சில உருப்படிகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். பியானோ வாசித்தவர் பியேர் லுபோஷுட்ஸ். அவரும் ரஷ்யப் பேரரசில் பிறந்து புலம்பெயர்ந்தவர். இன்று இணையத்தில் எளிதாகக் கேட்கக்கூடிய இந்தப் பழைய பதிவுகளில் இரைச்சல் உண்டு. ஆனால் கனத்த வாத்தியம் மனிதக் குரலைப்போலப் பாடுவதை அதில் கேட்கலாம்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியக் கலைஞர்களை அமெரிக்காவுக்குத் துரத்தியது. ஹங்கேரியிலிருந்து 1940இல் வெளியேறிய பேலா பார்ட்டோக் நியூயோர்க்கில் நோயுற்று, வருமானம் குறைந்து வாழ்ந்தார். தானம் வாங்க மறுக்கும் மனிதர். 1943இல் குசெவிட்ஸ்கி அவரை மருத்துவமனையில் சந்தித்து, தன் மறைந்த மனைவி நத்தாலியின் நினைவாக அமைத்த நிதியத்தின் சார்பில் ஒரு புதிய படைப்பை எழுதித் தரும்படி கேட்டார். தொகை 1,000 டொலர். உதவி என்று சொல்லாமல் வேலை என்று கொடுத்தார். அப்படி எழுதப்பட்ட ‘கொன்செர்டோ ஃபோர் ஓர்கெஸ்ட்ரா’ 1944 டிசம்பர் 1 அன்று பொஸ்டனில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு பார்ட்டோக் இறந்தார். அவரது மிகப் பிரபலமான படைப்புகளில் அது ஒன்று.

1940இல் டாங்கிள்வுட்டில் குசெவிட்ஸ்கி தொடங்கிய கோடைகால இசைப்பள்ளிக்கு வந்த முதல் மாணவர்களில் ஒருவர் லெனார்ட் பேர்ன்ஸ்டைன். யூதப் பெயரோடு அமெரிக்காவில் பெரிய நடத்துநராக முடியாது, பெயரை மாற்றிக்கொள் என்று ஆசிரியர் அறிவுரை சொன்னார். மாணவர் யோசித்துப் பார்த்து மறுத்துவிட்டார். அதே பெயரோடு உலகப் புகழ் பெற்றார். மதம் மாறினால்தான் ஒரு நகரத்தில் படுத்துறங்கலாம் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவரின் அறிவுரை அது. அச்சம் எத்தனை ஆண்டுகள், எத்தனை நாடுகள் தாண்டியும் ஒருவருடன் கூடவே வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அடையாளத்தை மறைக்கச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. மறுத்த பிள்ளைகளையும் குறைசொல்ல முடியாது.

1951 ஜூன் 4 அன்று பொஸ்டனில் குசெவிட்ஸ்கி காலமானார். அவரது டபுள் பேஸை, 1960களின் தொடக்கத்தில், அவரது மனைவி ஓல்கா ஓர் இளம் கலைஞருக்குக் கொடுத்தார். அவர்தான் கேரி கார். பல பத்தாண்டுகள் அதை உலகெங்கும் வாசித்தார். 1611ஆம் ஆண்டு இத்தாலிய அமாத்தி சகோதரர்கள் செய்தது என்று நம்பப்பட்ட வாத்தியம் அது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது அவ்வளவு பழமையானது அல்ல என்று தெரிந்தது. ஒலி மாறவில்லை.

பரீட்சைக்குத் தயாராகும் மாணவருக்கு இந்த வாழ்க்கையிலிருந்து நேரடியாகப் பயன்படக்கூடிய சில விடயங்கள் உண்டு. கொன்செர்டோ வாத்தியத்தின் மேல் எல்லைவரை கைகளைக் கொண்டுபோகும் கடினமான உருப்படி. அதற்கு முன் சான்சோன் திரிஸ்டை எடுப்பது நல்லது. மெதுவானது, குறுகியது, வில்லை நீளமாக இழுத்துப் பாடவைக்கும் பயிற்சியைத் தருவது. ஆனால் மெதுவான உருப்படியில் சுருதி பிசகினால் ஒளிய இடமில்லை.

பதிவுகளைத் தெரிவு செய்யும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டபுள் பேஸின் நான்கு தந்திகளும் வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டப்படும். தனி வாசிப்புக்குப் பலர் மெல்லிய தந்திகளைப் பூட்டி ஒரு முழுச் சுரம் உயர்த்திக்கொள்வார்கள். ஆகவே பதிவு ஒரு சுருதியிலும் மாணவரின் வாத்தியம் வேறு சுருதியிலும் இருக்கலாம். கூடவே வாசித்துப் பழகினால் எதுவும் பொருந்தாது. பியானோப் பகுதியும் இரண்டு சுருதிகளில் அச்சாவதுண்டு. வாங்குமுன் எது என்று பார்க்க வேண்டும். ஒரே உருப்படியின் இரண்டு, மூன்று பதிவுகளைக் கேட்பது நல்லது. குசெவிட்ஸ்கியின் சொந்தப் பதிவையும் கேரி காரின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், எழுதியவரே எங்கெல்லாம் நின்று மூச்சு வாங்கினார், அடுத்தவர் எங்கே வேறு வழியில் போனார் என்பது புரியும். ஒன்றையே நகலெடுக்கும் பழக்கமும் வராது.

றோயல் ஸ்கூல்ஸ், டிரினிட்டி போன்ற சர்வதேச இசைப் பரீட்சைகள் இலங்கையிலும் நடக்கின்றன. ஆனால் மாத்தளை மாவட்டத்தின் லக்கல போன்ற மலையடிவார ஊரிலோ, வன்னியிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு டபுள் பேஸ் ஆசிரியரைத் தேடிப்பிடிப்பது எளிதல்ல. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக ஊரையே பெயர்த்து வைத்த இடம் லக்கல. யுத்தத்தால் பெயர்ந்த இடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இத்தகைய இடங்களில் பாடசாலைக்கோ தேவாலயத்துக்கோ எந்த வாத்தியம் வந்து சேர்கிறதோ, அதைத்தான் பிள்ளைகள் கையிலெடுக்கிறார்கள். விரும்பியது கிடைப்பது அபூர்வம். மொஸ்கோவில் 14 வயதுச் சிறுவனுக்கும் விரும்பியது கிடைக்கவில்லை. எஞ்சியிருந்ததைக் கொடுத்தார்கள். அதற்கு உருப்படி இல்லை என்றபோது அவன் எழுதினான். அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இன்று அதை வாசித்துச் சித்தியடைகிறார்கள்.