காற்று இயந்திரம் செய்த போதகர்

1816 செப்டம்பரில், ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக் நகரத் தேவாலயமொன்றில் ரொபர்ட் ஸ்டர்லிங் என்ற இளைஞர் போதகராகப் பொறுப்பேற்றார். வயது 25. அதே மாதத்தில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். புதுவகை இயந்திரமொன்றுக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். மார்க்கப் பணியும் இயந்திர வேலையும் ஒரே மாதத்தில் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன. அடுத்த அறுபது ஆண்டுகள் அவர் இரண்டில் எதையும் கைவிடவில்லை.

இதை வாசிக்கும் நம்மில் சிலருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். மார்க்கம் படித்தவருக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. நமது பழைய வரலாறு அப்படியல்ல. 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னு அல்-ஷாதிர். அந்தப் பள்ளியின் மினாராவுக்கு 1371இல் சூரியக் கடிகாரம் செய்து கொடுத்தவரும் அவர்தான். அவரைப் பற்றி நாம் அடிக்கடி பெருமையாகப் பேசுகிறோம். ஆகவே இன்று நம்மவரல்லாத ஒருவரைப் பார்ப்போம்.

ஸ்டர்லிங் 1790 ஒக்டோபரில் பேர்த்ஷயர் மாவட்டத்தின் மெத்வென் ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் கதிரடிக்கும் இயந்திரமொன்றை உருவாக்கியவர். பேரன் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் படித்து இறையியல் கற்றாலும், கை சும்மா இருக்கவில்லை. கில்மார்னொக்கில் தோமஸ் மோர்ட்டன் என்ற கைவினைஞர் தன் பட்டறையில் அவருக்கு இடம் கொடுத்தார். மோர்ட்டன் தொலைநோக்கி செய்பவர். அங்கே போதகரும் வில்லைகள் தீட்டப் பழகிக்கொண்டார்.

அந்த இயந்திரம் என்ன? மூடிய பாத்திரம் ஒன்றுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ஒரு முனை சூடு, மறு முனை குளிர். உள்ளே தளர்வாக அசையும் ஒரு பொருள் காற்றை அங்குமிங்கும் தள்ளிவிடுகிறது. சூடான பக்கம் போன காற்று விரிந்து முசலத்தைத் தள்ளும். குளிர்ந்த பக்கம் வந்ததும் சுருங்கி உள்ளே இழுக்கும். கொதிகலன் இல்லை, நீராவி இல்லை, அடைபட்ட காற்று வெளியே போவதுமில்லை. ஸ்டர்லிங்கின் மூளை வெளிப்பட்ட இடம் இதற்கும் மேலே. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் போகும் காற்று, வழியில் தன் வெப்பத்தை உலோகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். திரும்பி வரும்போது அதையே வாங்கிக்கொண்டு வரும். ஒரு முறை எரித்த விறகின் வெப்பத்தை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாடு அது.

அக்காலத்தில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டதைக் கண்டு மனமிரங்கியே அவர் இதைச் செய்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் ஆக்கவுரிமைப் பத்திரத்தின் தலைப்பு பேசுவது எரிபொருள் செலவைக் குறைப்பதைப் பற்றி. அதுவும் கேவலமான நோக்கமல்ல. வீண்விரயத்தை வெறுப்பவர்கள் நாமும்தானே.

1818இல் அயர்ஷயரிலுள்ள கற்குழி ஒன்றில் தண்ணீர் இறைக்க முதல் இயந்திரம் பூட்டப்பட்டது. ஓடியது. பிறகு அடிப்பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகி நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி மேசைக்கு வருவோம். ஸ்டர்லிங் இயந்திரத்தை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மூன்று சோடா டின்கள், உள்ளே அசைவதற்குச் சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருள், அதைத் தூக்கி இறக்கத் தங்கூசி, முசலத்துக்குப் பதிலாகப் பலூன், சில்லுக்குப் பழைய சீடி, அடியில் மெழுகுவர்த்தி, மேலே குளிர்நீர். அவ்வளவுதான். செய்வது ஒரு நாள் வேலை, ஓடவைப்பது ஒரு வார வேலை. பிள்ளை எல்லாவற்றையும் பூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, சில்லைச் சுண்டிவிட்டுப் பார்த்திருக்கும். அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நெருப்பைக் கூட்டுவது. அதுதான் கற்குழி இயந்திரத்துக்கு நேர்ந்த கதி. நெருப்பைக் கூட்டினால் மேல்பக்கமும் சூடாகிவிடும், பலூன் இளகிவிடும். இயந்திரத்தை ஓட்டுவது சூடல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள வேறுபாடு. மேலேயுள்ள தண்ணீரை மாற்றி, ஐஸ் கட்டி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி கசிவும் உராய்வும். நெருப்பை அணைத்துவிட்டுச் சில்லைச் சுண்டினால் அது தானாகப் பல சுற்றுகள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எங்கோ உரசுகிறது. பெரும்பாலும் உள்ளேயுள்ள கம்பிச் சுருள்தான் டின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பலூனை மெதுவாக அழுத்தினால் கசியும் இடம் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். தங்கூசி நுழையும் துளை ஊசி முனை அளவைத் தாண்டக்கூடாது. கடைசியாக, அச்சுக் கம்பியிலுள்ள இரண்டு வளைவுகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்க வேண்டும். இது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஓடாது. காசு கொடுத்துச் செய்வித்து, மேசையில் கொண்டுவந்து வைக்கப்படும் கண்காட்சி மாதிரிகளில் இந்த ஒரு வாரம் இல்லை. பரிசு மட்டும் அவற்றுக்கே போகிறது என்பது என் நீண்டகால ஆதங்கம்.

ஸ்டர்லிங் 1824இல் கோல்ஸ்டன் என்ற ஊருக்கு மாறி, இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய ஐந்து மகன்மாரில் நால்வர் பொறியியலாளராயினர், டேவிட் தந்தையைப் போலப் போதகரானார். 1840களின் பிற்பகுதியில் கொலரா பரவியபோது ரொபர்ட் நோயாளிகளின் வீடு வீடாகச் சென்று பணிவிடை செய்தார். அந்த ஊரவர்களுக்கு இயந்திரத்தைவிட இதுவே பெரிதாக இருந்திருக்கும்.

இயந்திரத்தை வளர்க்கும் பணியில் தம்பி ஜேம்ஸ் கைகொடுத்தார். அவர் டண்டி நகரின் வார்ப்பாலை ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர். சாதாரணக் காற்றுக்குப் பதிலாக அமுக்கமேற்றிய காற்றை அடைத்தால் சிறிய இயந்திரத்திலிருந்தே அதிக வலு பெறலாம் என்று கண்டார்கள். 1843இல் அந்த வார்ப்பாலையின் இயந்திரங்கள் முழுவதையும் ஸ்டர்லிங் இயந்திரமொன்று ஓட்டத் தொடங்கியது. எரிபொருள் மிச்சமானது. ஆனால் சதா நெருப்பின்மேல் இருந்த வார்ப்பிரும்பு உருளையின் அடிப்பகுதி தாங்கவில்லை. எரிந்து பழுதாகும், மாற்றுவார்கள், மறுபடியும் பழுதாகும். 1847இல் உரிமையாளர்கள் நீராவிக்கே திரும்பினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அந்தக் கணக்கைத் தாங்கும் இரும்பு அன்று உலகில் இருக்கவில்லை.

அதே 1847இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேறொன்று நடந்தது. ஸ்டர்லிங் பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைக்காக வழங்கியிருந்த சிறிய மாதிரி இயந்திரம் ஒன்று அங்கே இயங்காமல் கிடந்தது. புதிதாகப் பேராசிரியரான வில்லியம் தொம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று நாம் அறிந்தவர், அதை எடுத்துப் பார்த்தார். தூசியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே அடைத்திருந்தன. துடைத்தார், ஓடியது. வெப்பம் எப்படி வேலையாகிறது என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. இந்த இயந்திரத்தைக் கையால் சுற்றினால் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தலாம், தண்ணீரை உறையவும் வைக்கலாம் என்ற யோசனையை அதே ஆண்டில் அவர் அறிஞர் சபையில் முன்வைத்தார். டண்டியில் தோற்ற இயந்திரம் கிளாஸ்கோவில் ஆசிரியராகிவிட்டது.

ஸ்டர்லிங் மனமுடைந்ததாகத் தெரியவில்லை. மூத்த மகன் பற்றிக் நீராவி ரயில் எஞ்சின்கள் வடிவமைப்பதில் பெயர்பெற்றார். அவர் 1870இல் உருவாக்கிய, எட்டடி விட்டமுள்ள சில்லுகொண்ட எஞ்சின் இன்றும் யோர்க் நகர ரயில்வே அரும்பொருட்சாலையில் நிற்கிறது. தந்தையின் போட்டியாளரான நீராவிதான் மகனுக்குப் புகழ் தந்தது. தந்தையோ 1876இல், ஏறத்தாழ 86 வயதில், ஹென்றி பெசமரின் உருக்குத் தயாரிப்பு முறையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். அந்த உருக்கு தங்களுக்கு அன்று கிடைத்திருந்தால் டண்டி இயந்திரம் பிழைத்திருக்கும், இனிமேல் வருகிறவர்கள் அதைச் சாதிப்பார்கள் என்பதே அதன் சாரம். 1878 ஜூன் 6ஆம் திகதி கோல்ஸ்டனில் காலமானார்.

வந்தவர்கள் வந்தார்கள். 1930களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம், மின்சாரமில்லாத இடங்களில் வானொலிப் பெட்டிகளை இயக்குவதற்காக அந்த இயந்திரத்தை மீண்டும் கையிலெடுத்தது. தொம்சன் யோசித்தபடி அதைப் பின்னோக்கி இயக்கிக் காற்றையே திரவமாக்கும் குளிரூட்டிகளையும் பிறகு செய்தது. சுவீடனின் கொட்லாண்ட் ரக நீர்மூழ்கிக் கப்பல்கள், டீசலையும் திரவ ஒட்சிசனையும் எரித்து, ஸ்டர்லிங் இயந்திரத்தின் உதவியால் வாரக்கணக்கில் மேலே வராமல் கடலுக்கடியில் ஓடுகின்றன.