பத்தமடை தந்த டாக்டர் சுவாமி

பத்தமடை என்றதும் நம் எல்லோருக்கும் பாய்தான் ஞாபகம் வரும். திருநெல்வேலிச் சீமையின் அந்தக் கோரைப்பாய் ஊரில் 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்த குப்புசாமி என்ற பிள்ளையைத்தான், பின்னாளில் ரிஷிகேசம் சுவாமி சிவானந்தர் என்று உலகம் அறிந்துகொண்டது.

இந்த மலருக்கு அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் செட்டில் அநேகமாக எல்லோரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். பரிசோதனைக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்தது. படித்த படிப்பையும் பழகிய தொழிலையும் இனி என்ன செய்வது? எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கோயில் குளம் என்று போய்விடுவதுதான் ஆன்மிகமா? இதற்கு சிவானந்தர் வாழ்ந்த வாழ்க்கையே பதிலாக இருக்கிறது.

அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம். தந்தையார் வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். குப்புசாமி எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து, பிறகு தஞ்சாவூரில் வைத்தியம் படித்தார். லீவு விட்டால் மற்ற பையன்கள் ஊருக்குப் போவார்கள். இவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு ஆபரேஷன்களைப் பார்ப்பாராம். 1909-ல், வயது இருபத்திரண்டு கூட நிரம்பாத நிலையில், ‘அம்ப்ரோசியா’ என்ற வைத்தியப் பத்திரிகையை ஆரம்பித்துவிட்டார். முதல் செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்து உதவியவர் தாயார் பார்வதி அம்மாள்தான்.

1913-ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை கப்பல் சாப்பாட்டைத் தொடுவாரா? அம்மா செய்து கொடுத்த பட்சணங்களை வைத்துக்கொண்டே கடலைக் கடந்து, அரை உயிராகத்தான் கரை இறங்கினார். சிரம்பானுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பின்னால் ஜொகூரிலும் வேலை பார்த்தார். ஆக மொத்தம் பத்து வருஷம். ஏழைகளிடம் பீஸ் வாங்கமாட்டார். அதோடு, குணமாகிப் போகிறவர்களின் கைச்செலவுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அங்கே அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு சாது வேதாந்த நூல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து மனம் வேறு பக்கம் திரும்பியது. நோயைத் தீர்க்கிறோம், மறுபடியும் வருகிறது. இந்தத் துன்பத்துக்கு வேர் எது என்ற விசாரம் பிறந்தது.

1923-ல் நல்ல வரும்படியை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். காசி போனார். மகாராஷ்டிரத்தில் ஒரு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சமையல் செய்து, பாத்திரம் தேய்த்துக் கொஞ்ச காலம் இருந்தார். ஒரு டாக்டர் செய்கிற வேலையா இது என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. அந்த போஸ்ட்மாஸ்டர்தான் ரிஷிகேசத்துக்குப் போகச் சொன்னார். 1924 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார். ஜூன் 1-ஆம் தேதி கங்கைக் கரையில் சுவாமி விசுவானந்த சரஸ்வதி அவருக்குச் சந்நியாசம் கொடுத்தார்.

சுவர்க்காசிரமத்தில் சின்னக் குடில். அன்ன சத்திரத்தில் வாங்கிய காய்ந்த ரொட்டியைக் கங்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவார். இமயமலை அடிவாரக் குளிரில், விடியுமுன்னே இடுப்பளவு நீரில் நின்று ஜபம் செய்வார். மணிக்கணக்காகத் தியானம். இவ்வளவு கடுமையான தவத்துக்கு நடுவிலும் அவர் வைத்தியத்தைக் கைவிடவில்லை! காலராவிலும் அம்மையிலும் கிடந்த சாதுக்களைத் தேடிப்போய்ப் பணிவிடை செய்தார். 1927-ல் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்து பணம் வந்தது. அதை வைத்து லட்சுமண் ஜூலாவில் இலவச மருத்துவசாலை திறந்தார். பத்ரிநாத் போகும் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிறகு, அதைவிட நல்ல மருந்து ஒன்று நினைவுக்கு வந்ததாம். மறுநாள் விடிந்ததும் அந்த மருந்தோடு மலைப்பாதையில் ஓடி, ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். அந்த ஓட்டமும் தியானமும் அவருக்கு வேறு வேறு அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

1934-ல் கங்கையின் மறுகரைக்கு வந்து, இடிந்து கிடந்த ஒரு மாட்டுக் கொட்டிலில் தங்கினார். அங்கே வளர்ந்ததுதான் இன்றைய சிவானந்த ஆசிரமம். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம், 1945-ல் ஆயுர்வேத மருந்துச்சாலை, 1948-ல் யோக வேதாந்தப் பயிற்சிக் கழகம் என்று ஒவ்வொன்றாக உருவாயின. இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவற்றைப் புரட்டினால் ஒரு டாக்டரின் கை தெரியும். எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு ஜபம், என்ன சாப்பாடு என்று மருந்துச்சீட்டு மாதிரி எழுதுவார். தினசரி குறித்து வைக்க ஆன்மிக டைரி வேறு. காய்ச்சல்காரனுக்கு டெம்பரேச்சர் சார்ட் போடுவதுபோல!

1950 ஜனவரியில் சத்சங்கத்தின்போது ஒருவன் கோடாலியால் அவரைத் தாக்கினான். உயிர் தப்பியது தெய்வச் செயல். போலீஸிடம் விடாமல், அவனுக்குப் பிரசாதமும் வழிச்செலவும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார். அவர் கண்ணுக்கு அவனும் ஒரு நோயாளிதான் போலும்.

விமானப்படைத் தேர்வில் இடம் கிடைக்காமல் மனம் உடைந்துபோன ராமேசுவரத்து இளைஞர் ஒருவரும் ரிஷிகேசத்தில் அவரைச் சந்தித்தார். ஆறுதல் பெற்றுத் திரும்பிய அந்த இளைஞர்தான் நம் ஜனாதிபதியாக விளங்கிய அப்துல் கலாம். சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். சிதானந்தர், கிருஷ்ணானந்தர், சத்யானந்தர், விஷ்ணுதேவானந்தர் முதலிய சீடர்கள் யோகத்தை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். 1963 ஜூலை 14-ஆம் தேதி சுவாமிகள் கங்கைக் கரையிலேயே மகாசமாதி அடைந்தார்.

நண்பர்களே, அவர் துறந்தது எதை என்று யோசித்துப் பாருங்கள். சம்பளத்தை விட்டார், அந்தஸ்தை விட்டார், நான் டாக்டர் என்ற மிடுக்கை விட்டார். வைத்தியத்தை மட்டும் கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டார். கூலி கழன்றதும் தொழில் அப்படியே பூஜையாகிவிட்டது.

நம்மில் வாத்தியார் உண்டு, கணக்கர் உண்டு, வக்கீல் உண்டு, என்ஜினீயர் உண்டு. காவி எல்லோருக்கும் வாய்க்காது, வாய்க்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த ஒன்றைக் கைம்மாறு கேட்காமல் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கோ, விண்ணப்பம் எழுதத் தெரியாமல் தவிக்கும் ஒரு பெரியவருக்கோ செய்துவிட்டு வரலாமே. அதற்கு ரிஷிகேசம் வரைக்கும் போக வேண்டாம். வாசற்படியைத் தாண்டினால் போதும்.