வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர் வரைந்த அருவி

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தை பஸ்ஸில் தாண்டாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே முன்பு இருந்தது, ஆர்மீனிய வணிகர் உஸ்கான் 1726-ல் கட்டிய பாலம். அதைப் படமாக வரைந்தவரும், பாபநாசம் அருவியை வரைந்தவரும் ஒருவரேதான். அவர் தாமஸ் டேனியல்.

1749-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சத்திரம் நடத்தியவர். பையனைக் குதிரை வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற தொழிலுக்கு விட்டுட்டாங்க. எங்கப்பா லாரி பாடிக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அதனால் இந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

1773-ல் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்து படித்தும் பெரிய வருமானம் இல்லை. 1785-ல் உடன்பிறந்தவர் மகன் வில்லியமோடு கப்பலேறி, மறு வருடம் கல்கத்தா வந்தார். வில்லியமுக்கு அப்போது 16 வயசுதான், நம்மைவிடச் சின்னப் பையன்!

அங்கே 12 கல்கத்தா காட்சிகளை அக்வாடின்ட் முறையில் தாங்களே அச்சடித்தார்கள். காப்பர் பிளேட்டில் பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்ட வைத்து, ஆசிட்டில் அரிக்க விடணும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கருப்பு. நம்ம ஒர்க்ஷாப் வேலை மாதிரியேதான்!

படங்களைக் குலுக்கல் சீட்டு போட்டு விற்ற பணத்தில் 1792-ல் சென்னைக்கு வந்தார்கள். திப்புவோடு நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மைசூர்ப் பகுதி, மதுரை, பாபநாசம், குமரி, ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று சுற்றினார்கள். கையில் லென்ஸ் வைத்த பெட்டி ஒன்று. எதிரே உள்ள காட்சி தாளில் விழும், அதன்மேல் கோடு போடலாம். அமெரிக்க ஓவியர் சர்ச் 1857-ல் வரைந்த நயாகரா உலகப் புகழ் பெற்றது. நம்ம தாமிரபரணி அருவி அதற்கு 65 வருடம் முன்னாடியே தாளில் ஏறிவிட்டது.

1794-ல் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. அந்த பிளேட்டுகளுக்காக வில்லியம் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை உழைத்தாராம். ஆனால் பெயர் கேட்டால் எல்லோரும் பெரியவரைத்தான் சொல்கிறார்கள், எனக்கு இது கொஞ்சம் வருத்தம். வில்லியம் 1837-ல் இறந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத தாமஸ் 1840-ல் காலமானார்.

பாபநாசத்தில் 1944-ல் மின் நிலையம் வந்தது, எலக்ட்ரிகல் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அருவிப் படத்தின் கலர் ஜெராக்ஸை அப்பாவிடம் காட்டினேன். தண்ணியை விட்டுட்டு பாறையையே ரொம்ப நேரம் பார்த்தார். பிரஷ் இல்லாம இந்த ஷேடு எப்படிடா வந்துச்சுன்னு கேட்டார். ஆசிட் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.