கொடுமுடி தந்த குரற்செல்வம்

இசைத்தட்டின் வழியே தமிழகத்துச் சிற்றூர்களையெல்லாம் சென்றடைந்த குரல்களுள் தலைசிறந்தது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரலாகும். அக்குரல் எங்கே பிறந்தது, எவ்வாறு தட்டில் பதிந்தது என்பதை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் நலமெனக் கருதி, அவர்தம் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் தருகின்றோம்.

அம்மையார் 1908-ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். அன்னையார் பெயர் பாலாம்பாள். வறுமை வாட்டியதால் இளம் பருவத்திலேயே இரயில் வண்டிகளில் பாடிப் பொருள் பெற்றார். அப்பாட்டைக் கேட்ட நாடக அன்பர் எப். ஜி. நடேச அய்யர், வேலு நாயரின் நாடகக் குழுவில் அவர் சேர வழி செய்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக நடித்தார். பசியைப் பாட அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கடைசி வரிசையில் இருப்போர்க்கும் கேட்குமாறு பாடிப் பழகியது அக்குரல். இசைத்தட்டுக்கு ஏற்ற குரலும் அதுவே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே அடங்கும். இடையில் தவறினால் முதலிலிருந்து பாட வேண்டும். மெழுகில் பதிந்த குரலிலிருந்து உலோக அச்செடுத்து, அரக்குக் கலவையில் படிகளை அழுத்துவர். அச்சு ஒன்று, படிகள் பல என்பதை நம்மூர்ப் பீங்கான் தொழிலாளர் எளிதில் உணர்வர்.

சங்கீத சபையில் அமரப் பணமும் வேண்டும், பிறர் இசைவும் வேண்டும். இசைத்தட்டோ கேட்பவனின் குலத்தைக் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் தெருவில் பாடி வளர்ந்த கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித், 1923-இல் இசைத்தட்டில் பாடிப் பெரும்புகழ் எய்தினார்.

அம்மையார் 1927-இல் புகழ்பெற்ற நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தார். அப்போது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளாடையே உடுத்தினார். மேடைகளில் நாட்டு விடுதலைப் பாடல்களை முழங்கினார்.

1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் அம்மையாரே நந்தனாராக வேடம் ஏற்றார். அதற்கு ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பர். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வேதியராகிய பண்ணையார் இல்லை. அப்பாத்திரத்தைப் படைத்தவர் 19-ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார் ஆவார்.

தில்லைக்கு அண்மையில் வாழும் நமக்கு நந்தன் கதை வெறும் ஏட்டுக் கதையன்று. நந்தனின் பாட்டுக்கு நாடே உருகிய அந்நாளில், நந்தனின் மக்களுக்குக் கோயிற் கதவுகள் அடைத்தே கிடந்தன. ஆலய நுழைவை உரிமையாக்கிய சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல்தான். பாட்டு உள்ளே சென்றது. பாடப்பட்டவன் வெளியே நின்றான்.

அம்மையார் பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 1953-இல் அவ்வையாராக நடித்தார், 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-இல் மறைந்தார்.

இரயிலில் பாடிய சிறுமி நாடறிந்தவராக உயர்ந்தமைக்கு அவர்தம் உழைப்பே காரணம். எனினும் அவர் குரலுக்கு வழிதிறக்க ஒருவர் காது கொடுக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் திறமை அத்தகைய தற்செயலுக்குக் காத்திருத்தல் ஆகாது. கல்விச் சங்கங்கள் வேண்டுவது இதனாலேயே. ஆண்டையிடம் விடை கேட்டு நிற்கும் நந்தன் இனி வேண்டா.