எதிரியின் கணக்கே சாட்சி!

ஆத்திரம் கொண்டு பேசுவது எளிது. ஆதாரம் கொண்டு பேசுவதோ அரிது. ஆத்திரத்தை ஆதாரமாக்கி, அதையே ஆயுதமாகத் தாங்கிய ஒரு பெண்மணியின் வரலாற்றைத் தோழர்கள் முன் வைக்கிறோம். அவர்தான் அமெரிக்க நாட்டுப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அம்மையார்.

1862ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்திலே, அடிமைகளின் மகளாகப் பிறந்தார். 1878இல் மஞ்சள் காய்ச்சல் பரவித் தாயையும் தந்தையையும் கொண்டுபோயிற்று. பதினாறு வயதுப் பெண், தம்பி தங்கையரைக் காக்க ஆசிரியை வேலைக்குச் சென்றார். பின்னர் மெம்பிஸ் நகரிலே 'பிரீ ஸ்பீச்' என்னும் ஏட்டின் பங்காளியானார், ஆசிரியருமானார்.

அந்நாளில் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களைக் கும்பல் கூடி இழுத்துச் சென்று மரக்கிளையிலே தொங்கவிடுவது வாடிக்கை. வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்பில்லை! ஏனென்று கேட்டால், வெள்ளைப் பெண்களின் மானம் காக்க என்றார்கள். ஏடுகள் அதையே எழுதின. ஊரார் அதையே நம்பினர். அம்மையாரே கூட ஒருகாலத்தில், அப்படித்தானோ என்று எண்ணியதுண்டு.

1892 மார்ச்சில் அந்த எண்ணம் தகர்ந்தது. மெம்பிஸிலே மளிகைக் கடை நடத்திய தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டுவர்ட் மூவரையும் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். மாஸ் ஒரு தபால்காரர், அம்மையாரின் நண்பர். எந்தப் பெண்ணுக்கு இவர்கள் தீங்கிழைத்தார்கள்? எவருக்கும் இல்லை! அருகிலிருந்த வெள்ளை வியாபாரியின் கடைக்கு இவர்கள் கடை போட்டியாயிற்று. போட்டி பகையாகி, பகை மோதலாகி, மோதல் கொலையில் முடிந்தது.

இந்த மூவர் கதை இதுவென்றால், மற்றவர் கதை என்ன? அம்மையார் தேடினார், எழுதினார். 1892 மே மாதம் அவர் வெளியூர் சென்றிருந்தபோது, அவருடைய ஏட்டின் அலுவலகத்தை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. திரும்பி வந்தால் உயிர் போகும் என்ற நிலை. நியூயார்க்கிலே தங்கி, மீண்டும் பேனாவை எடுத்தார்.

இங்கேதான் அவரது கூர்மதியைக் காண்கிறோம். தம் இனத்தார் சொல்லும் கணக்கைக் காட்டினால், மிகைப்படுத்துகிறாள் என்பார்கள். ஆகவே வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிபியூன்' ஏடு ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த பட்டியலையே எடுத்தார். யார், எங்கே, எந்த நாளில், எந்தக் குற்றச்சாட்டின் பேரில் கொல்லப்பட்டார் என்று வகைபிரித்தார். எட்டாண்டுகளில் 728 பேர்! அவர்களில் பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களே மூன்றில் ஒரு பங்கினர்தாம். சாட்டப்பட்டதுதான், மெய்ப்பிக்கப்பட்டதல்ல! மானம் காத்த கதை மண்ணைக் கவ்வியது.

1895இல் 'சிவப்புப் பதிவேடு' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1892ஆம் ஆண்டில் மட்டும் 241 பேர் கொல்லப்பட்டனர், அவர்களில் 160 பேர் கறுப்பினத்தவர் என்று அதிலே காட்டினார். வெறும் எண்களோடு நிற்கவில்லை. பெயர்களையும் ஊர்களையும் எழுதினார். கொலை நடந்த இடங்களுக்கே சென்று விசாரித்தார். பிரிட்டன் சென்று மேடைதோறும் முழங்கினார்.

1931இல் மறைந்தார். அமெரிக்கப் பத்திரிகை உலகின் புகழ்பெற்ற புலிட்சர் குழு, 2020இல்தான் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. கும்பல் கொலையை வெறுப்புக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022இல்தான் வந்தது. எத்தனை தாமதம்! ஆனால் அவர் எழுதிவைத்த கணக்கை எவராலும் அழிக்க முடியவில்லை.

தோழர்களே! ஆலையிலே ஒருவர் கை நசுங்கினால், கூலியிலே ஒரு காசு குறைந்தால், கொதிப்பதோடு நின்றுவிடாதீர்கள். நாளைக் குறியுங்கள், பெயரைக் குறியுங்கள், காரணத்தைக் குறியுங்கள். நிர்வாகத்தின் பதிவேட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கூக்குரலை அலட்சியப்படுத்துவோர், தம் கையால் எழுதிய கணக்கை மறுக்க முடியாது. அம்மையார் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.